மறதிநோயில் பாட்டும் அசைவும்: எதை எதிர்பார்க்கலாம், எப்படித் தொடங்கலாம்?

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய், மூளைச் செல்களைப் படிப்படியாகச் சிதைக்கும் பல நோய்களுக்கான பொதுப் பெயர். வயதானால் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று எண்ணுவது தவறு. இந்நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். பக்கவாதத்தாலும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் வரும் மறதிநோயும் நம்மிடையே மிகுதி. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்றின் கணிப்புப்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்பவர்கள் வீட்டிலுள்ள மனைவியும் கணவரும் மகளும் மகனும் மருமகளுமே.

அவ்வாறு பார்த்துக்கொள்பவர்கள் எங்கள் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "மறந்துபோனதை மீட்டுத் தர முடியுமா?" என்பது முதலாவது. "பொழுது சாய்ந்தால் ஓரிடத்தில் உட்கார்வதில்லை. 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று வாசலுக்கும் அறைக்கும் நடக்கிறார். தூங்குவதற்கு ஏதேனும் மாத்திரை தருவீர்களா?" என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு எங்கள் விடை, இன்றைய நிலையில் முடியாது என்பதே. இரண்டாவது கேள்விக்கு உடனே மாத்திரை எழுதித் தர நாங்கள் தயங்குகிறோம். அதற்குக் காரணம் உண்டு. இத்தகைய அமைதியின்மைக்குத் தரப்படும் மனநோய் எதிர்ப்பு மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டுகின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. தூக்க மாத்திரைகளோ தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கூட்டி, இரவில் கீழே விழச் செய்கின்றன. தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலை இருந்தால் மருந்து தேவைப்படலாம். அப்போதும் மிகக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மட்டுமே தருகிறோம். அதற்கு முன் முயன்று பார்க்க வேண்டியவை பல உள்ளன. அவற்றுள் வீட்டிலேயே, செலவின்றிச் செய்யக்கூடிய பாட்டையும் அசைவையும் பற்றி இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

பாட்டு ஏன் எஞ்சி நிற்கிறது?

நினைவு முழுவதும் மூளையின் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்படுவதில்லை. இன்று காலையில் என்ன சாப்பிட்டோம், யார் வந்து போனார்கள் என்பன போன்ற அண்மை நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது ஹிப்போகாம்பஸ் எனும் பகுதி. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது இப்பகுதியையே. எனவேதான் பத்து நிமிடத்திற்கு முன் சொன்னது மறந்துபோகிறது. மிதிவண்டி ஓட்டுதல், கோலமிடுதல், தறியில் நாடா ஓட்டுதல், பூத்தொடுத்தல் போன்ற கைப்பழக்கங்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நெடுங்காலம் நிலைக்கின்றன. பேரனின் பெயர் நினைவில்லாத நெசவாளர் ஒருவர், இராட்டையைக் கண்டதும் தார் சுற்றத் தொடங்குவதன் காரணம் இதுவே.

பலமுறை கேட்ட, பாடிய பாட்டும் இவ்வாறு நெடுநாள் தங்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. நெடுநாள் அறிந்த பாட்டைக் கேட்கும்போது மூளையின் எப்பகுதிகள் இயங்குகின்றன என்பதை அவர்கள் நலமாயிருந்தவர்களிடம் கண்டறிந்தனர். பின்னர் அல்சைமர் நோயாளர்களின் மூளைப் படங்களில் அதே பகுதிகளை ஆராய்ந்தபோது, மற்ற பகுதிகளோடு ஒப்பிட அவற்றில் சுருக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. இயக்கத்துக்குத் திட்டமிடும் பகுதியும் அவற்றுள் ஒன்று என்பது கருதத்தக்கது. தாளம் கேட்டதும் கால் தானே ஆடுவதும் கை தானே தட்டுவதும் நமக்குப் புதிதல்ல.

இதனுடன் இன்னோர் உண்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயுள்ள 17 பேருக்குத் துயரமான படக் காட்சிகளையும், மற்றொரு முறை மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினர். சற்று நேரத்தில் அவர்கள் காட்சிகளை மறந்துவிட்டனர். ஆனால் அவை எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் நீடித்தன. 2014இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. எனினும் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு அது சொல்வது பெரிது. நாம் அதட்டியது அவருக்கு மறந்துவிடும். அதட்டியதால் வந்த மனவருத்தம் மறப்பதில்லை. அதேபோல், காலையில் சேர்ந்து பாடியது மறந்துபோனாலும், அது தந்த நிறைவு சற்று நேரம் அவருடன் இருக்கும்.

ஆய்வுகள் உறுதியாகச் சொல்வது எவ்வளவு?

இசை மறதிநோயைக் குணப்படுத்தும், இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்றெல்லாம் கைப்பேசியில் பல செய்திகள் வருகின்றன. அவற்றை நம்பி மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. ஆகவே உண்மை நிலையைத் தெளிவாகச் சொல்வது எங்கள் கடமை.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, மறதிநோயில் இசைச் சிகிச்சை குறித்த தன் மதிப்பாய்வை 2025இல் புதுப்பித்தது. 30 ஆய்வுகளில் பங்கேற்ற 1,720 பேரின் விவரங்கள் அதில் அடங்கும். இசை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்பதும், நடத்தைச் சிக்கல்களில் ஒட்டுமொத்தமாகச் சிறிது முன்னேற்றம் தரலாம் என்பதும் அதன் முடிவு. நினைவாற்றல் கூடுவதாகச் சான்று கிடைக்கவில்லை. கிளர்ச்சியும் மூர்க்கமும் குறைவதற்கும் போதிய சான்றில்லை. அமெரிக்காவில் 54 பராமரிப்பு இல்லங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்விலும், விருப்பப் பாடல்களைக் கேட்கச் செய்ததால் அமைதியின்மை குறிப்பிடும் அளவு குறையவில்லை. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியான ஆய்வு, குழுவாகச் சேர்ந்து பாடியவர்களிடம் மனச்சோர்வு குறைந்ததைக் காட்டியது.

உடற்பயிற்சிக்கும் இவ்வாறே எல்லை உண்டு. இங்கிலாந்தில் மறதிநோயுள்ள 494 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. கடுமையான பயிற்சி அவர்களின் உடல்வலிமையைக் கூட்டியது. அறிவாற்றல் குறைவதைத் தடுக்கவில்லை. எனவே முதியவரை வருத்திப் பயிற்சி செய்ய வைப்பதில் பொருளில்லை. அவருக்கு இன்பம் தரும் மிதமான அசைவு போதும். கால்களின் வலிமை குறையாமல் காக்கவும், மலச்சிக்கலைத் தவிர்க்கவும், பகல் தூக்கத்தைக் குறைத்து இரவுத் தூக்கத்துக்கு உதவவும் அது பயன்படும்.

சுருங்கச் சொன்னால், பாட்டும் அசைவும் நோயின் போக்கை மாற்றுவதில்லை. நோயாளரின் ஒரு நாளை, அந்த நாளிலுள்ள சில கடினமான மணிநேரங்களை, மாற்ற வல்லவை. எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை என்பதால், உங்கள் வீட்டிலுள்ளவருக்கு எது உதவுகிறது என்பதை நீங்களே முயன்று பார்த்துத்தான் அறிய இயலும்.

சென்னையில் ஒரு முயற்சி

மறதிநோயாளருக்காக இங்கிலாந்தில் உருவான அறிவூக்கச் சிகிச்சை எனும் முறை, 2003இல் 201 பேரிடம் நடந்த ஆய்வில் அறிவாற்றலிலும் வாழ்க்கைத் தரத்திலும் பயன் காட்டியது. சிறு குழுவாகக் கூடி, ஏழு வாரங்களில் 14 அமர்வுகள் நடத்துவது அதன் வழக்கம். குழுவினர் தமக்கென ஒரு பாட்டைத் தேர்ந்துகொள்வர். எளிய அசைவு விளையாட்டு, பழைய நினைவுகளைப் பேசுதல், பொருள்களைத் தொட்டும் முகர்ந்தும் அடையாளம் காணுதல் ஆகியன தொடரும்.

டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தினர் இம்முறையை நம் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றியமைத்து, சிறு அளவில் நடத்திப் பார்த்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். நம் முதியவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் ஏற்றுக்கொள்ளும் வகையில் இதை இங்கே நடத்த முடியும் என்பது அதனால் தெரிய வந்தது. வீட்டில் இதை முழுமையாகச் செய்ய இயலாவிட்டாலும், ஒரு பாட்டு, ஓர் அசைவு, ஒரு பேச்சு என்ற அதன் ஒழுங்கை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பாடலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாடல் அவருடையதாக இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த பாடலோ, 'மன அமைதிக்கான இசை' என்று விற்கப்படும் தொகுப்போ அவருக்கு ஒன்றும் சொல்லாமல் போகலாம். மனிதர்க்குத் தம் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலத்து நினைவுகளே மிக ஆழமாகப் பதிந்திருக்கும். ஆகவே பிறந்த ஆண்டுடன் பத்தைக் கூட்டித் தொடங்குங்கள். 1948இல் பிறந்தவருக்கு 1958 முதல் 1978 வரையிலான பாடல்களைத் தேட வேண்டும்.

நம் பகுதி முதியவர்களுக்கு அக்காலத்துப் பாடல்கள் டூரிங் டாக்கீஸ் வழியாகவும் இலங்கை வானொலி வழியாகவும் வந்தவை. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'மந்திரி குமாரி' (1950), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'குமுதம்' (1961) போன்ற படங்கள் பலருக்கு ஊர்ப் பெருமையோடு கலந்தவை. "இந்தப் படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், விடை தவறானாலும் திருத்த வேண்டாம்.

திரைப்படமே பார்க்காத ஆத்தாக்களும் அமுச்சிகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நடவுப்பாட்டும் தாலாட்டும் கும்மியும் மாரியம்மன் பண்டிகையின் மேளச் சத்தமும் இருக்கும். தெருக்கூத்தை விடியவிடியப் பார்த்த அப்பாருக்குக் கூத்துப் பாட்டு இருக்கும். தேவாலயத்தில் பாடிய கீதங்களும், நாகூர் ஹனீபாவின் பாடல்களும் வேறு சிலருக்கு உரியவை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசி வளர்ந்தவர்க்கு அந்த மொழிப் பாட்டையும் தேடுங்கள். நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி விலகி, தாய்மொழி மட்டும் எஞ்சுவது உண்டு. உடன்பிறந்தவர்களையும் பழைய நண்பர்களையும் கேட்டால் பட்டியல் விரைவில் நிறையும்.

பத்துப் பாடல்கள் போதும். ஒவ்வொன்றையும் ஒலிக்கச் செய்து அவர் முகத்தைப் பாருங்கள். உதடு அசைகிறதா, விரல் தாளமிடுகிறதா, முகம் சுளிக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணீர் வந்தால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. அது இனிய நினைவாகவும் இருக்கலாம். அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொள்ளுங்கள். அழுகை கூடினாலோ கலக்கம் தெரிந்தாலோ அப்பாடலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஓர் இறப்போடு தொடர்புடைய பாட்டும் ஒப்பாரியும் இவ்வாறு துன்பம் தரக்கூடும்.

எந்த நேரத்தில், எவ்வளவு நேரம்?

நாள் முழுவதும் வானொலியைப் பாட விடுவது பயன் தராது. கேட்டுக்கேட்டுப் பழகிய ஒலி வெறும் இரைச்சலாகி, குழப்பத்தைக் கூட்டும். ஒரு வாரம், எந்த நேரத்தில் சிக்கல் எழுகிறது என்று குறித்து வையுங்கள். மாலை ஆறு மணிக்கு அமைதியிழப்பவர் என்றால், ஐந்தரை மணிக்கே பாடலைத் தொடங்குங்கள். கலக்கம் உச்சத்துக்குச் சென்ற பின் தொடங்கினால் பெரும்பாலும் காதில் ஏறாது. அந்நேரத்தில் விளக்குகளையும் முன்கூட்டியே ஏற்றிவிடுங்கள். அரையிருளில் நிழல்கள் அவரை அச்சுறுத்தலாம்.

குளிக்க மறுப்பவர்க்கு, குளியலறைக்கு அழைத்துச் செல்லும் முன்பே ஒரு பாட்டைத் தொடங்கி, நீங்களும் சேர்ந்து பாடிக்கொண்டே செல்லலாம். குரல் இனிமை பொருட்டன்று. பதிவு செய்த பாடலைவிட, தெரிந்தவர் அருகிலிருந்து பாடும் குரலுக்கு முகம் திரும்புவதைப் பலமுறை பார்க்கிறோம். உணவின்போது மெல்லிய இசை போதும். விழுங்குவதில் சிரமம் உள்ளவரை உண்ணும்போது பாட வைக்கக் கூடாது.

ஒருமுறைக்கு 15 முதல் 30 நிமிடங்கள் போதுமானவை. தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கைப்பேசியில் பாடலுக்கு நடுவே விளம்பரம் குறுக்கிட்டால் அவர் திடுக்கிடுவார். பாடல்களைப் பென் டிரைவில் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. காது மந்தம் இருந்தால் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பரிசோதியுங்கள். காது கேட்கும் கருவி இருந்தால் அணிவியுங்கள். ஒலியை மட்டும் கூட்டுவது தீர்வாகாது.

அசைவு: நாற்காலியிலிருந்து தொடங்குவோம்

கொங்குப் பகுதியின் வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. தாளமும் அசைவும் முதுமையிலும் உடலைவிட்டு நீங்குவதில்லை என்பதற்கு இது நமக்கு அருகிலுள்ள சான்று. சேலம், நாமக்கல் ஊர்களில் இன்று பலர் மீண்டும் பயிலும் அக்கும்மியின் அசைவுகளையே வீட்டிலும் எளிமையாக்கிக்கொள்ளலாம்.

கைப்பிடியுள்ள, சக்கரமில்லாத உறுதியான நாற்காலியில் அவரை அமர்த்துங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும். நீங்கள் எதிரே, அவர் பார்வைக்கு நேராக அமருங்கள். வாயால் விளக்குவதைக் குறைத்து, செய்து காட்டுங்கள். அவர் பார்த்துச் செய்வார்.

1. தாளத்துக்கு ஏற்பக் கைதட்டுதல். பின் தொடையில் தட்டுதல்.
2. வலமும் இடமும் குனிந்து கும்மி தட்டுவதுபோல் கைகளை வீசுதல்.
3. குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தட்டுதல். பிறகு உட்கார்ந்தபடியே கால்களை மாற்றி மாற்றி உயர்த்துதல்.
4. ஒரு துண்டின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொண்டு தாளத்துக்கு ஏற்ப மெல்ல அசைத்தல்.
5. நிற்க முடிந்தவர் எனில், நாற்காலியைப் பற்றி எழுந்து அமர்தல், மூன்று முதல் ஐந்து முறை.

பத்து நிமிடத்தில் தொடங்கலாம். வேலையோடு கலந்த அசைவும் பயிற்சியே: நிலக்கடலை உரித்தல், முறத்தில் அரிசி புடைத்தல், துணி மடித்தல், பூத்தொடுத்தல், நூல் சுற்றுதல். அவர் செய்து முடித்தது சரியாக இருக்க வேண்டியதில்லை. "உதவி செய்தீர்கள்" என்று ஒரு சொல் கூறுங்கள்.

பார்க்கின்சன் நோயும் சேர்ந்து இருப்பவர்க்குச் சீரான தாளம் நடையைச் சீராக்க உதவும். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

எழுந்தவுடன் தலைசுற்றல், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், அண்மையில் எலும்பு முறிவு அல்லது அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால், எங்களைக் கேட்காமல் அசைவுப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். இன்சுலின் போடுபவரை வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வைக்காதீர்கள். தரையில் ஈரம், சுருண்ட பாய், காலில் சிக்கும் வேட்டி அல்லது சேலை நுனி ஆகியவை விழுவதற்கு வழி செய்யும். நம் பகுதியின் கோடை வெயிலில் காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை ஐந்து மணிக்குப் பின்போ செய்து, நடுவே தண்ணீர் கொடுங்கள். தாகம் எடுப்பதைச் சொல்ல அவர்க்குத் தெரியாமல் போகலாம்.

விருப்பமில்லை என்று கையைத் தள்ளினால் அன்று விட்டுவிடுங்கள், மறுநாள் முயலலாம்.

இரண்டொரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினாலோ, வழக்கத்துக்கு மாறாக உறங்கிக்கொண்டே இருந்தாலோ, பாட்டைத் தேட வேண்டாம். உடனே அழைத்து வாருங்கள். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், கீழே விழுந்ததால் ஏற்பட்ட மூளை இரத்தக்கசிவு ஆகியவை காரணமாக இருக்கலாம். அவை சிகிச்சையால் சரியாகக் கூடியவை. அதேபோல், மறதி என்று இதுவரை மருத்துவரிடம் காட்டாதவர்க்கும் முதலில் பரிசோதனை தேவை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும்.

பார்த்துக்கொள்பவர்க்கு ஒரு சொல்

இது உங்கள் சுமையோடு சேர்க்கும் இன்னொரு வேலையாக ஆகிவிடக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் செய்தாலும் போதும். பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளையிடம் பாடல் வைக்கும் பொறுப்பைக் கொடுங்கள்; வெளியூரிலுள்ள மகன் கைப்பேசியில் சேர்ந்து பாடட்டும். நாள் முழுதும் "சாப்பிடுங்கள், உட்காருங்கள், அங்கே போகாதீர்கள்" என்று சொல்ல நேரும் உங்களுக்கு, அவரோடு எதையும் கட்டளையிடாமல் இருக்கக்கூடிய கால் மணி நேரம் இது. உங்களுக்கும் அது தேவை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க இயலாதவர்க்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்க வழி உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதியோர் உதவிக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14567.

அடுத்த முறை வரும்போது மூன்று குறிப்புகளைக் கொண்டு வாருங்கள்: எந்தப் பாடல், எந்த நேரத்தில், அதன்பின் அவர் எப்படி இருந்தார். இரண்டு வாரக் குறிப்பு இருந்தால் போதும். மாலை நேர மாத்திரை தேவையா, குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை அதைப் பார்த்து நாம் சேர்ந்து முடிவு செய்யலாம். அதுவரை தற்போது தரும் மருந்துகளில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.